அடர் அமிலத்தை அளக்க: கண்ணாடி முனையா, பியூரெட்டா, மஞ்சள் சாயமா, கரும்புச் சர்க்கரையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வாங்கிய முதல் திட்டு, பிஎச் மீட்டரின் கண்ணாடி மின்முனைக்காக. அதை 50 சதவீதக் கந்தக அமிலத்தில் இறக்கி, மீட்டர் காட்டிய எண்ணை அப்படியே நோட்டில் எழுதிவிட்டேன். பிறகு கழுவி, பிஎச் மாறாமல் நிற்கும் பிஎச் 4 தாங்கல் கரைசலில் வைத்தால், எண் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. கண்ணாடியின் மேலுள்ள நீரூறிய மெல்லிய படலத்தை அடர் அமிலம் உலர்த்திவிடும். படலம் போனால் மின்முனைக்குச் சொரணை போயிற்று. பிஎச் 0.5க்குக் கீழே அது உண்மையைவிடக் கூடுதலான எண்ணையே சொல்லும். விட்வாட்டர்ஸ்ராண்டின் பழைய தங்கச் சுரங்கங்களிலிருந்து கசியும் அமில நீருக்கு இந்தக் கருவி போதும். தொட்டியில் வரும் அடர் அமிலத்துக்கு ஆகாது.

துளித்துளியாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் நாணயமானது. நீர்த்து, காரம் சொட்டவிட்டால் எவ்வளவு அமிலம் என்று துல்லியமாகச் சொல்லும். அடர்த்திமானி அதைவிட விரைவு. ஆனால் 97 சதவீதத்தை ஒட்டி அடர்த்தி உச்சிக்குப் போய் இறங்குவதால், அங்கே ஒரே அடர்த்திக்கு இரண்டு சதவீதங்கள் விடையாகக் கிடைக்கும்.

இரண்டும் சொல்லாதது அமிலத்தின் வீரியம். 50 சதவீதக் கந்தக அமிலத்தைவிட 98 சதவீதத்தில், லிட்டருக்கு லிட்டர், அமிலம் சுமார் இரண்டரை மடங்குதான். புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியைப், பிறர்மேல் திணிக்கும் திறனோ ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு! புரோட்டானைப் பிடித்துவைத்திருந்த நீர் அங்கே மிச்சமில்லை, அதுதான் காரணம்.

இந்த வீரியத்தை எண்ணாக்கியவர்கள் ஹேமெட், டெய்ரப் என்ற இரு வேதியியலாளர்கள், 1932இல். வழி எளிது: மிக வலுக்குறைந்த காரமான ஒரு சாயத்தைப் போட்டு, எத்தனை பங்கு புரோட்டானை ஏற்றது என்று நிறத்தைக் கொண்டு கணக்கிடுவது. 2,4-டைநைட்ரோஅனிலின் என்ற மஞ்சள் சாயத்தைத் துளி போட்டுப் பாருங்கள். 50 சதவீத அமிலத்தில் மஞ்சள் அசையாமல் நிற்கும். 60இல் பாதி வெளிறும். 70இல் மஞ்சளைத் தேட வேண்டும். அதற்கப்பால் இன்னும் வலுக்குறைந்த சாயத்துக்கு மாறி, படிப்படியாக ஏறலாம். இப்படிக் கிடைப்பதுதான் ஹேமெட் எண்; பிஎச் போலவே, குறையக் குறைய வீரியம் கூடும். நூறு சதவீதத்தில் அது சுமார் மைனஸ் 12. ஒரு குறை உண்டு: வேறு குடும்பத்துச் சாயத்தைக் கேட்டால் வேறு எண் வரும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதுதான் கேள்வி என்றால், வினையையே கேட்பது நல்லது. எங்கள் முன்னோரை 1860இல், டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பலேற்றிய அதே கரும்புச் சர்க்கரை இங்கே உதவுகிறது. அமிலத்தில் அது குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடைய, ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் போலரிமீட்டரில், அது வலமிருந்து இடமாகத் திரும்பும். அந்த வேகம் பியூரெட் சொன்ன அளவைவிட ஹேமெட் எண்ணோடுதான் ஒட்டிப் போகிறது. எல்லா வினையும் இப்படிப் பணியாது: அமைடுகள் என்ற கரிமச் சேர்மங்கள் நீரால் உடையும் வினை, அமிலம் கூடக் கூட வேகமெடுத்து, ஓர் உச்சத்துக்குப் பின் மந்தமாகும், வினைபுரிய நீர் வேண்டுமே! சர்க்கரையை மிதமான செறிவு வரைதான் நம்பலாம். 98 சதவீதத்தில் போட்டால் போலரிமீட்டருக்கு வேலையில்லை, குடுவையில் கரிதான் மிஞ்சும்.