எடை குறைப்பு ஆபரேஷனுக்கு ஏஜென்சியிடம் முன்பணம் கட்டாதீர்கள்: என் 9,800 வெள்ளி போனது

பினாங்கிலோ பட்டர்வொர்த் பக்கமோ எடை குறைப்பு ஆபரேஷன் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். மருத்துவமனைக்கும் நமக்கும் நடுவில் நின்றுகொண்டு பேக்கேஜ் விற்கும் ஓர் ஏஜென்சியிடம் என் 9,800 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. நேற்று சாயங்காலம்தான் கடைசி மெசேஜ் வந்தது: "இந்த விஷயம் முடிந்துவிட்டது, இனி பதில் தர மாட்டோம்." அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் பேசும் விதத்தைச் சொன்னால் உங்களிடம் வரும்போது நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஸ்லீவா (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸா (சின்னப் பை விட்டுக் குடலோடு இணைப்பது), பலூனா (இரைப்பைக்குள் பலூன் வைப்பது) என்று எப்படி முடிவெடுப்பது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் என் நிலைமை. எடை 98 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 39. இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறேன். அதைவிடப் பெரிய தொல்லை நெஞ்செரிச்சல். இரவில் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறும். தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை போட்டால்தான் தூக்கம். இந்த நெஞ்செரிச்சலை மட்டும் மறந்துவிடாதீர்கள். என் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஆபரேஷன் எனக்குத் தகுந்ததுதான். அதில் சந்தேகமே இல்லை. 35-க்கு மேல் பிஎம்ஐ இருந்தாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்க, அனைத்துலக எடை குறைப்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022-இல் சொல்லிவிட்டன. நம் ஆசிய உடம்புக்கு அந்த எல்லை இன்னும் குறைவு, 27.5. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) இருந்த டாக்டரும் அரசாங்க மருத்துவமனைக்கு எழுதித் தருகிறேன் என்றார், ஆனால் வரிசை நீளம் என்றும் சொன்னார். அந்த நேரத்தில்தான் இந்த ஏஜென்சியின் பக்கம் என் ஃபோனில் வர ஆரம்பித்தது. எல்லாம் நம் முகங்கள். முன்பு இப்படி, பின்பு இப்படி என்று சேலையில் நிற்கும் படங்கள்.

ஒரு கேள்விதான் கேட்டேன், உடனே ஒரு பெண் கூப்பிட்டாள். நல்ல தமிழ். 'கன்சல்டன்ட்' என்று சொல்லிக்கொண்டாள். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். வீட்டுக்காரரும் வந்தார். பையிலிருந்து பிளாஸ்டிக்கில் செய்த இரைப்பை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். ஃபோனில் தன் பழைய படத்தைக் காட்டினாள், வயிற்றில் இருந்த சின்னச் சின்னத் தழும்புகளின் படத்தையும் காட்டினாள். "நானே ஸ்லீவ் செஞ்சவதான் அக்கா. 104 கிலோ இருந்தேன். என் சொந்த அக்காவுக்குச் சொல்ற மாதிரிதான் உங்களுக்குச் சொல்றேன்." அந்தத் தழும்பைப் பார்த்ததும் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அனுபவித்தவள் சொல்கிறாள் என்று இரண்டு பேருக்கும் மனதில் விழுந்துவிட்டது. இப்போது அதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. அந்தத் தழும்பு அவளுடையதா என்றுகூட யாருக்குத் தெரியும்!

நான் எதையும் மறைக்கவில்லை. நெஞ்செரிச்சலைப் பற்றி அங்கேயே சொன்னேன். வீட்டுக்கு வந்து வாய்ஸ் மெசேஜிலும் ஒமெப்ரசோல் சாப்பிடுவதைச் சொன்னேன். அவள் பதில்: "எடை குறைஞ்சா அதுவும் தானா போயிரும் அக்கா. ஸ்லீவ்தான் இப்ப எல்லாரும் செய்றது. பைபாஸ் பழைய காலத்து ஆபரேஷன், குடலை எல்லாம் வெட்டி ஒட்டுவாங்க, உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு?" ஸ்கோப் போட்டு, அதாவது வாய் வழியாகக் கேமரா விட்டு இரைப்பையைப் பார்க்க வேண்டாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். "அதெல்லாம் ஆபரேஷன் அன்னைக்கே பாத்துக்குவாங்க அண்ணே" என்றாள். மொத்தப் பேக்கேஜ் 29,800 வெள்ளி, மாதக் கடைசிக்குள் முன்பணம் 9,800 கட்டினால் இந்த விலை, தாண்டினால் ஏறிவிடும். டாக்டர் ஏதாவது காரணத்தால் வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று என் வீட்டுக்காரர் முன்னாலேயே சொன்னாள்.

9,800 வெள்ளி எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. சேமநிதியில் 2024-இல் வந்த ஃபிளெக்ஸிபல் கணக்கில் இருந்ததை எடுத்தேன், பற்றவில்லை, வளையலை அடகு வைத்தேன். பணத்தை மருத்துவமனைக்கு அனுப்பவில்லை, அவர்களுடைய கம்பெனிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீதில் 'ஆலோசனைச் சேவை' என்று மட்டும் இருந்தது. அந்த ரசீதைப் பார்த்ததும் ஏன் இப்படி என்று கேட்டேன். "சிஸ்டம் அப்படித்தான் பிரிண்ட் பண்ணும் அக்கா."

அப்புறம் அறுவை மருத்துவரைப் பார்க்கத் தேதி கிடைத்தது. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னைக் காப்பாற்றியவரே அவர்தான். நெஞ்செரிச்சல் என்ற வார்த்தையைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு, முதலில் ஸ்கோப் என்றார். ஸ்கோப்பில் உணவுக்குழாயின் அடியில் புண். ஹயாட்டஸ் ஹெர்னியாவும் இருந்தது, அதாவது இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் ஓட்டை வழியாக நெஞ்சுப் பக்கம் ஏறியிருந்தது. "உங்களுக்கு ஸ்லீவ் நான் செய்ய மாட்டேன்" என்று நேராகச் சொன்னார்.

படம் வரைந்து விளக்கினார். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஒடுங்கிய குழாய். அதற்குள் அழுத்தம் கூடும், அமிலம் மேலே ஏற வழி சுலபமாகிவிடும். நெஞ்செரிச்சலே இல்லாத சிலருக்குக்கூட ஸ்லீவுக்குப் பிறகு புதிதாக வருகிறது. ஏற்கெனவே புண் உள்ளவருக்கு இன்னும் மோசமாகலாம். வருடக்கணக்கில் அமிலம் பட்டுக்கொண்டிருந்தால் உணவுக்குழாயின் உள்தோலே மாறிப்போகலாம், அந்த மாற்றம் புற்றுநோயில் போய் முடியவும் வாய்ப்பு இருக்கிறது. வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்கவும் முடியாது. பைபாஸில் மேலே 30 மில்லிலிட்டர் அளவுக்கு ஒரு சின்னப் பை விட்டு, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். அந்தப் பையில் அமிலம் மிகக் குறைவாகச் சுரக்கும், அதனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் அதுதான் பொருத்தம் என்றார். பதிலுக்கு ஆயுள் முழுவதும் பி12, இரும்பு, கால்சியம் எடுக்க வேண்டும். மூட்டுவலி மாத்திரைகளில் பலவற்றைத் தொடக் கூடாது, இணைப்பில் புண் வரலாம். இனிப்பை ஒரேயடியாகச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வரலாம். இதையும் மறைக்காமல் சொன்னார்.

மேசையில் பிளாஸ்டிக் இரைப்பையைப் புரட்டிக் காட்டியவள் இதில் ஒரு வரியாவது சொன்னாளா? ஜவுளிக்கடையில் கையிருப்பில் இருக்கிற சேலையையே உங்கள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று தள்ளிவிடுவதைப் போல, அவளிடம் இருந்த ஸ்லீவை என் வயிற்றுக்குப் பொருத்திவிட்டாள். அந்த டாக்டர் கேட்காமல் விட்டிருந்தால் இன்று என் இரைப்பை குப்பைக்குப் போயிருக்கும். பணத்தைவிட இதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

சரி, டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார், பணம் திரும்ப வரும் என்று நினைத்துக் கூப்பிட்டேன். "அக்கா ரிலாக்ஸ், நான் பேசுறேன்" என்றாள். பிறகு அக்கவுண்ட்ஸில் கேட்கணும். பிறகு மேனேஜர் லீவு. பிறகு ஃபோனை எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். பிறகு வேறொரு ஆள், வேறொரு எண். அவர் முதல் வார்த்தையாக "டாக்டர்தானே வேண்டாம்னு சொன்னாரு, நாங்க இல்லையே" என்றார். மருத்துவமனை கவுண்டரில் போய்க் கேட்டேன். அவர்களிடம் ஒரு வெள்ளிகூட வரவில்லை, அந்த ஏஜென்சி தங்களுடையதும் இல்லை என்றார்கள்.

அடுத்ததாக ஒரு பிடிஎஃப் வந்தது. முன்பணம் எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது என்று அதில் ஒரு வரி. பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தாளை நான் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது: நான் நோயை மறைத்துவிட்டேனாம்! என் வாய்ஸ் மெசேஜைத் திருப்பி அனுப்பினேன், தேதியோடு, அவள் பதிலோடு. அன்று இரவே, அவர்கள் அண்மையில் அனுப்பியிருந்த பதில்கள் அழிக்கப்பட்டுவிட்டன. நல்ல வேளை, என் மகள் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தாள்.

கடைசியாக ஒரு சலுகை கொடுத்தார்கள். 9,800 வெள்ளியை அப்படியே பலூனுக்கு மாற்றிக்கொள்ளலாம், மேலே கொஞ்சம் கட்டினால் போதும். இல்லாவிட்டால் தெரிந்தவர் யாருக்காவது பேக்கேஜை மாற்றிக் கொடுக்கலாம். பலூனைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். அது இரைப்பைக்குள் தண்ணீர் நிரப்பி வைப்பது, பெரும்பாலும் 6 மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடுத்தபின் எடை திரும்ப ஏறுவது சகஜம். என் ஹெர்னியாவுக்கும் புண்ணுக்கும் அதுவும் வைக்கக் கூடாது என்றார். ஸ்கோப் அறிக்கையை அனுப்பியபிறகும் அதை எனக்கு விற்கப் பார்த்தார்களே, இவர்களுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா? இன்னொருத்தியை என் இடத்தில் தள்ளிவிடச் சொல்வதை நான் எப்படிச் செய்வேன்?

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு போட்டாயிற்று. கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

எந்த ஆபரேஷன் யாருக்கு என்று விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது இருக்கிற கோபத்தில் முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஸ்கோப் போடாமல் ஆபரேஷனின் பெயரைச் சொல்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்லீவ் பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நெஞ்செரிச்சல் இருந்தால் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்லுங்கள். மினி பைபாஸ் (குடலோடு ஒரே இணைப்பு வைக்கும் பைபாஸ்) என்று சொன்னால் பித்தநீர் மேலே ஏறுமா என்று கேளுங்கள். டாக்டரின் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் பாருங்கள். மருத்துவ விளம்பரத்துக்கு கேகேஎல்ஐயு எண் (அரசாங்கம் தரும் விளம்பர ஒப்புதல் எண்) இருக்க வேண்டும், அந்தப் பக்கத்தில் நான் பார்த்த எந்த விளம்பரத்திலும் அது இல்லை. பணத்தை மருத்துவமனைக் கவுண்டரில் மட்டும் கட்டுங்கள். இன்றோ நேற்றோதான் அனுப்பினீர்கள், ஏமாற்று என்று சந்தேகம் வந்துவிட்டது என்றால் உடனே 997-க்கு (தேசிய மோசடிப் புகார் மையம்) அழையுங்கள், தாமதித்தால் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

இதே மாதிரி தழும்புப் படம் காட்டிய பெண்ணிடம் யாராவது முன்பணம் கட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள். மெசேஜ்களை அவர்கள் அழிப்பதற்குள் படம் பிடித்து வையுங்கள். மூன்று வருடத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போடலாம், எப்படி நிரப்புவது என்று நான் சொல்லித் தருகிறேன்.