மூடியில் 15, உள்ளே 9.9

முதலில் கரையேறும் வள்ளத்து மீனுக்கு ஏலத்தில் ஒரு விலை, ஐந்தாவதாக வருபவனுக்கு வேறு விலை. குளச்சல் பக்கத்தில் தொழில் செய்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆசையில்தான் எட்டு வருடம் உழைத்த என் 9.9 குதிரைத்திறன் எஞ்சினைக் கொடுத்து, மேலே 70,000 ரூபாயும் வைத்து, பழைய 15 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை வாங்கினேன். கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

“அண்ணாச்சி, இதை மாட்டினால் வள்ளம் இரண்டு மடங்கு பாயும்” என்றார் விற்றவர். அவரே வந்து ஓட்டியும் காட்டினார். வள்ளத்தில் நாங்கள் இருவர் மட்டும். வலை இல்லை, ஐஸ் இல்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றாமல் முழுக்கப் பெட்ரோலிலேயே ஓட்டினார், அதுவும் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தள்ளுகிற திசையில் மட்டும். அணியம் (முன்பக்கம்) தூக்கிக்கொண்டு வள்ளம் பறந்தது. ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 11 கடல் மைல் காட்டியது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் நான்கு பேர், வலை, ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய். போகும்போதும் வரும்போதும் பார்த்துச் சராசரி எடுத்தேன். 6.3 கடல் மைல். பழைய எஞ்சினில் இதே சுமைக்கு 6.2 ஓடிக்கொண்டிருந்தது.

முட்டத்தில் எஞ்சின் வேலை பார்க்கும் சித்தப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறக்கவே இல்லை. வள்ளத்தில் மாட்டும் பிடியில் இருந்த சிறு தகட்டைத் துடைத்துப் பார்த்தார். மாடல் எழுத்தைப் பாதி சுரண்டியிருந்தார்கள். மீதியே போதுமாக இருந்தது. “மக்களே, இதுவும் 9.9தான். மூடியில் ஸ்டிக்கர் மட்டும் மாறியிருக்கிறது.” பல கம்பெனிகள் 9.9, 15 இரண்டையும் ஒரே உடம்பில்தான் செய்கின்றன. கார்புரேட்டர் போன்ற சில உறுப்புகளில்தான் மாற்றம். வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதைவிட என்னைச் சுட்டது அவர் அடுத்துச் சொன்னது. அசல் 15 ஆகவே இருந்திருந்தாலும் இரண்டு மடங்கு என்பது பொய்யாம். சுமையோடு தண்ணீரைக் கிழித்துப் போகும் வள்ளத்துக்கு, வேகம் கூடக்கூட அது எழுப்பும் அலையே அணை போடுகிறது. தண்ணீரில் படியும் நீளம் 25 அடி என்றால் மணிக்கு 6.7 கடல் மைல் அளவில் அந்த அணை வந்துவிடும். அதற்குக் கீழேயே, வேகத்தை இரண்டு மடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் வேண்டும். 9.9ஐ 15 ஆக்கினால் வேகத்தில் கூடுவது நூற்றுக்கு 15 பங்குதான். என் கணக்கில் 7 கடல் மைலைத் தொட்டிருந்தால் பெரிது. வெறும் வள்ளம் தண்ணீருக்கு மேலே ஏறி வழுக்கும்போது கதை வேறு. விற்றவர் அந்தக் கதையைத்தான் எனக்குக் காட்டியிருக்கிறார்!

திரும்பக் கேட்டால், “வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்” என்கிறார். பில்லில் “பழைய எஞ்சின் ஒன்று” என்றுதான் இருக்கிறது. குதிரைத்திறனும் இல்லை, எஞ்சின் எண்ணும் இல்லை. அதைக்கூடப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன் நான். பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் பிடியில் உள்ள தகட்டைப் பாருங்கள், அந்த எண்ணையே பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்ப்பதானால் உங்கள் ஆட்கள், உங்கள் வலை, உங்கள் மண்ணெண்ணெய், இரண்டு திசையும்.

நான் கொடுத்த பழைய எஞ்சினை அவர் அந்த வாரமே தேங்காய்ப்பட்டணத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். போன செவ்வாய்க்கிழமை கரைக்குத் திரும்பும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.