நேருவின் இரு உரைகள்: எதை எப்படி மதிப்பிடுவது?

1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவு, அரசியல் நிர்ணய சபையில் பேசியது எழுதி மெருகேற்றிய உரை. 1948 ஜனவரி 30 இரவு, காந்தி கொல்லப்பட்ட சில மணி நேரத்தில் வானொலியில் பேசியது தயாரிப்பில்லாதது.

முதல் உரையின் பலம் தொடக்க வாக்கியம்: விதியோடு செய்த ஒப்பந்தம். உடனே, அதை முழுமையாக அல்ல, பெருமளவில் நிறைவேற்றுகிறோம் என்கிறார். பிரிவினையின் வலியை அங்கே ஒரு சொற்றொடரில் தாண்டிவிடுவது பலவீனம். ‘உலகம் உறங்கும் வேளையில்’ என்பதும் சரியில்லை. லண்டனில் அப்போது மாலைதான். காதுக்கு இனிமை, கணக்கில் பிழை. புகழ்பெற்ற அதன் ஆங்கில வடிவம் பெரும்பாலான மக்களுக்கு நேரடியாகப் புரிந்திருக்காது.

இரண்டாவதில் தடுமாற்றம் உண்டு. என்ன சொல்வதென்றே தெரியவில்லை என்கிறார். ‘ஒளி அணைந்துவிட்டது’ என்றவர், நான் சொன்னது தவறு என்று தானே திருத்துகிறார். எழுதி வாசித்திருந்தால் இந்தத் திருப்பம் நாடகமாகப் பட்டிருக்கும். ஆனால் அந்த உரை உண்மையில் பயன்பட்ட இடம் வேறு: மறுநாள் 11.30 மணிக்கு ஊர்வலம், 4 மணிக்கு யமுனைக் கரையில் தகனம், காந்தியின் உடல் இருந்த பிர்லா மாளிகைக்கு வராமல் வழிநெடுக அமைதியாக நில்லுங்கள் என்று தெளிவாகச் சொல்கிறார். கலவரம் மூளக்கூடிய இரவில் அந்த அறிவிப்புக்கு உவமையைவிட மதிப்பு அதிகம்.

மேற்கோளுக்கு முதல் உரை. அந்த நேரத்தின் தேவையை அளவுகோலாக வைத்தால், இரண்டாவதுக்கே கூடுதல் மதிப்பெண்.