நாகர்கோவிலில் செய்வித்த துப்பாக்கி லாக்கர்: ஒரு ஆடிச் சாரலுக்கு அப்புறம்

குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருக்கிற பழைய வீடு எங்களுடையது. அப்பா வாங்கிய பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு அது) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு, அரசின் ஆர்டினன்ஸ் தொழிற்சாலையில், அதாவது ஆயுதத் தொழிற்சாலையில், செய்தது. அவருக்குப் பிறகு உரிமம் என் பெயருக்கு வந்தது. எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் கிடையாது. அப்பாவுடையது, அவ்வளவுதான்.

2024 தேர்தலுக்கு, துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிற மற்றவர்களைப் போல நானும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். ஜூனில் எண்ணிக்கை முடிந்து திரும்ப வாங்கி, கான்வாஸ் உறையை உருவினால் வலது குழலில் துரு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் ரேகை! சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல், செம்மண் நிறத்தில் பதிந்திருந்தது. அங்கே யாரையும் குறை சொல்ல வாயில்லை. ஒப்படைத்த அன்று கொளுத்திய வெயிலில் வேர்த்த கையோடு பிடித்தவன் நான்தான். ரேகை என்னுடையதாகவே இருக்கும். வேர்வை உப்பு ஒருபுறம், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் துணி உறை மறுபுறம், மூன்று மாதம் போதாதா?

அதற்கு முன்பும் நான் ஒழுங்காக வைத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. பத்தாயம் கிடக்கிற அறையில் ஆணியில் தொங்கும். அதே அறையில்தான் ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் கேனும். ஃபார்மிக் ஆசிட்டின் மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலே அதன் ஆவி இரும்பைத் தின்னும். அந்த அறையின் கொண்டி, கீல், ஆணி எல்லாம் செதில் செதிலாக உதிர்ந்ததை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், மண்டையில் ஏறவில்லை.

சரி, லாக்கருக்கு வருகிறேன். நாகர்கோவிலில் பீரோ செய்கிற ஒரு பட்டறையில் அளவு சொல்லிச் செய்வித்தது. ஐந்தடி உயரம், ஒன்றேகால் அடி அகலம், ஒரு அடி ஆழம், 18 கேஜ் (ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் கனம்) தகடு. உள்ளே மேல்பக்கம் தோட்டாவுக்குத் தனி அறை, தனிப் பூட்டு. 16,500 ரூபாய், வண்டிக்கூலி வேறு. தகடு சொன்ன கனம்தான். கதவின் மேல் மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், நெளியவில்லை. கீல் உள்பக்கம். வெல்டிங்கைத் தேய்த்துச் சுத்தம் செய்துதான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். திருட்டுக் கைக்கு எதிரான காவல் என்ற வகையில் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

குறை இரண்டு. முதலாவது, தோட்டா அறையின் சாவியும் பெரிய கதவின் சாவியும் ஒன்றே! மே மாதம் பேரப்பிள்ளைகள் வந்தபோது, என் கண்முன்னே, பெரியவன் விளையாட்டாக ஒரே சாவியால் இரண்டையும் திறந்து காட்டினான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பட்டறைக்குப் போன் போட்டால், "சார், ஒரு சாவின்னா உங்களுக்குச் சவுகரியம்தானே" என்கிறார். அன்றே உள்பூட்டை மாற்றினேன். சாமி படத்துக்குப் பின்னால் சாவி மாட்டுகிற வழக்கமும் அதோடு போயிற்று. இரண்டு சாவியும் இப்போது வேறு வேறு இடத்தில். இடம் எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டாவது, உள்ளே அழகுக்கு ஒட்டிய சிவப்பு வெல்வெட்டும் அதன் அடியில் இருந்த ஸ்பாஞ்சும். பார்க்க நகைப்பெட்டி மாதிரி இருந்தது. ஆனால் ஆடிச் சாரலில் பதினைந்து நாள் வெயில் முகமே காணாதபோது ஸ்பாஞ்சைத் தொட்டால் கை சில்லிட்டது. முழுவதையும் பிய்த்தெறிந்துவிட்டு, குழல் தொடும் இடத்துக்கு மட்டும் இரண்டு தேக்குக் கட்டை ஆசாரியிடம் செதுக்கி வாங்கினேன்.

அப்புறம் இடம். காலி லாக்கர் முப்பது கிலோதான் வரும். இரண்டு பேர் சேர்ந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். அதனால் சுவரோடு போல்ட் போட்டே ஆக வேண்டும். பழைய சுவரில் போல்ட் பிடிக்கவில்லை, பொடிப்பொடியாகக் கொட்டியது. அதோடு அது மேற்குச் சுவர், தென்மேற்கு மழை நேராக அறைகிற பக்கம். புதிதாகக் கட்டிய உள்ளறையின் கான்கிரீட் தூணுக்கு மாற்றினேன். சுவரை ஒட்டாமல் ஒரு இஞ்ச் இடைவெளி, அடியில் இரண்டு மரத்துண்டு.

காற்றுதான் மிச்சம் இருந்த பிரச்சினை. சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று உள்ளே வைத்தேன்: 81 சதவீதம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் அரை கிலோ துணிப்பையில் கட்டிப் போட்டதும் மூன்றாம் நாள் 60. கதவு விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியதும் 54. பழைய ஆட்கள் லாக்கருக்குள் குண்டு பல்பு எரியவிடச் சொல்வார்கள், உள்காற்று சூடானால் ஈரப்பதம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் எல்இடி பல்பில் அந்தச் சூடு கிடையாது, ஆடிக் காற்றில் கரண்டும் அடிக்கடி போய்விடும். தோட்டா இருக்கிற பெட்டிக்குள் சூடான பல்பு வைக்க எனக்குத் துணிவும் இல்லை. ஜெல் ஈரம் குடித்து ஆரஞ்சு நிறம் போய்ப் பச்சையாகிவிட்டால் 120 டிகிரி அளவில் வறுத்துத் திரும்பப் போடலாம். அப்பளம் பொரிக்கிற சட்டியில் வறுத்துவிட்டு வீட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. இப்போது அதற்கென்று பழைய இரும்புச் சட்டி ஒன்று. நீல நிற ஜெல் வேண்டாம், அதில் உடம்புக்கு ஆகாத கோபால்ட் உப்பு இருக்கிறது.

அந்த ரேகைத் துருவை மிக மெல்லிய ஸ்டீல் உல்லில் (இரும்பு நாரில்) துப்பாக்கி எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். துரு போனது, கூடவே அந்த இடத்தின் கருநீலமும் போய் ஒரு சாம்பல் தழும்பு நிற்கிறது. அந்தக் கருநீலப் பூச்சே இரும்பு ஆக்சைடின் மெல்லிய படலம்தான், மேலே எண்ணெய் இல்லாவிட்டால் அது மட்டும் துருவைத் தடுக்காது. அப்பா தேங்காய் எண்ணெய்தான் போடுவார். உள்விசைகளைக் கழற்றியபோது அது பழுப்புப் பிசினாக ஒட்டிக் கிடந்தது, மண்ணெண்ணெய் போட்டுத்தான் எடுத்தேன். இப்போது மாதம் ஒருமுறை இரண்டு குழலிலும் தோட்டா இல்லையே என்று விரல் விட்டுப் பார்த்து, குழலைத் துடைத்து, கையுறையோடு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. நிறுத்தும்போது வாய் கீழ்நோக்கி. இல்லாவிட்டால் எண்ணெய் வடிந்து துப்பாக்கியின் மரக்கட்டையை, அதாவது பிடியை, ஊறவைத்துவிடும்.

இன்னொரு முறை செய்வித்தால் ஐந்தடியே கேட்க மாட்டேன். குழல் 30 இஞ்ச்தான். கழற்றி வைத்தால் மூன்றடிப் பெட்டி தாராளம். குழல் அதில், மரக்கட்டை மாடி அலமாரியில் என்று பிரித்துப் பூட்டினால், பெட்டியை உடைப்பவனுக்கு வெறும் குழாய்தான் கிடைக்கும்.