கடல்தரைக் குழிகளை ஆராய எது ஏற்றது: பலகற்றை ஒலிமானியா, நில அதிர்வு அளவீடா?

கடல்தரை வண்டலிலிருந்து வாயுவும் நீரும் பீறிட்டு வெளியேறும்போது நுண்மண் கலைந்து நீரோட்டத்தோடு போய்விடும். அங்கே குழி விழும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவை ஒட்டிய கடலில் இருந்த இத்தகைய குழிகளை 1970இல் கிங், மெக்லீன் என்ற புவியியலாளர்கள் இருவரும் விவரித்தார்கள். இன்று இவற்றை ஆராயப் புறப்படும் மாணவர்கள் எந்தக் கருவியை நம்புவது என்று தடுமாறுகிறார்கள். பலகற்றை ஒலிமானி பல ஒலிக்கற்றைகளைத் தரையில் மோதவிட்டு, எதிரொலியால் ஆழத்தை அளக்கும். நில அதிர்வு அளவீடு வலிய ஒலி அலைகளைத் தரைக்குள் அனுப்பி, உள்ளடுக்குகளிலிருந்து திரும்பும் எதிரொலியைப் பதியும்.

காட்டுவது:
ஒலிமானி: தரையின் மேடுபள்ளம், சில சமயம் நீரில் எழும் குமிழ்த்தாரை.
நில அதிர்வு: தரைக்குக் கீழே வாயு ஏறிவந்த வழி. நார்வேயை ஒட்டிய நியெக்கா பகுதியில் குழிகளுக்கு அடியில் வாயு மேலேறிய செங்குத்தான குழாய் போன்ற பாதைகள் (புகைபோக்கிகள்) தெரிந்தது இப்படித்தான். குழியின் காரணத்தையே கண்ணில் காட்டும் இந்தப் படங்கள் எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகின்றன.

செலவு:
ஒலிமானி: குறைவு, கப்பல் போகிற போக்கிலேயே அளக்கலாம்.
நில அதிர்வு: அதிகம், ஒலி எழுப்பும் காற்றுத் துப்பாக்கி, எதிரொலியைக் கேட்கும் நீண்ட உணரிக் கம்பி, திமிங்கிலங்களுக்கான பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் வேண்டும்.

குறை:
ஒலிமானி: குமிழ் தென்படாவிட்டால் குழி உயிர்ப்புள்ளதா, பழையதா என்று சொல்லாது.
நில அதிர்வு: வாயு நிறைந்த இடத்தில் படம் மங்கும்.

பரந்த பரப்பில் குழிகளைத் தேடி எண்ண ஒலிமானியே போதும். குழி ஏன் அங்கே விழுந்தது என்பதுதான் கேள்வி என்றால், செலவானாலும் நில அதிர்வு அளவீட்டையே கேளுங்கள்.