திருகு ஃப்ரேமா, காந்த ஃப்ரேமா, பசை ஒட்டா? வீட்டு எம்பிராய்டரிக்கு எது கைகொடுக்கும்?

டிசைனைப் பென்டிரைவில் போட்டுப் பட்டனை அமுக்கினால் மெஷின் பாட்டுக்குத் தைத்துக்கொண்டே போகும். அதற்கு முன்னால் துணியைக் கோணாமல் தொய்யாமல் ஃப்ரேமில் மாட்டுவதற்குள்தான் போதும் போதும் என்று ஆகிவிடுகிறது. இந்தத் தலைவலிக்கென்றே கடையில் விதவிதமான கருவிகள் வந்திருக்கின்றன. வீட்டில் தைப்பவர்களும் அட்டை, டேப், கிளிப் என்று தங்கள் பங்குக்கு எதையாவது செய்து பார்க்கிறார்கள். எதற்குக் காசு கொடுக்கலாம், எதைக் கையிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

சோதனைக்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்கிறேன்: பட்டு பிளவுஸ் கையின் பார்டர். 13×18 செ.மீ. ஃப்ரேமில் இது ஒரு தடவையில் அடங்காது. இரண்டு தடவை மாட்ட வேண்டும், இரண்டு பாதியும் பிசிறில்லாமல் சேர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் முதலில் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும்.

மெஷினோடு வந்த திருகு ஃப்ரேம்

வெளி வளையம் கீழே, அதன்மேல் பேக்கிங்கும் (துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் தாள்) துணியும், மேலிருந்து உள் வளையத்தை அழுத்துகிறோம். அழுத்தும்போது உள் வளையம் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். தையல் சாக்பீஸால் நேராகப் போட்ட கோடு கோணலாவது அந்த நொடியில்தான். சரி செய்கிறேன் என்று ஓரத்தைப் பிடித்து இழுத்தால் இன்னும் மோசம். இழுபட்ட துணியின்மேல் தையல் விழுகிறது, ஃப்ரேமைக் கழற்றியதும் துணி பழைய நிலைக்குச் சுருங்குகிறது, டிசைனைச் சுற்றிச் சுருக்கம் நிற்கிறது. திருகை முன்னாடியே அளவு பார்த்து வைத்துவிட்டு, மாட்டிய பிறகு கால் சுற்றுக்கு மேல் முறுக்காமல் இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

மீதிப் பாதிக்கு வீட்டிலேயே செய்கிற இரண்டு வேலைகள் உண்டு. உள் வளையத்தில் மெல்லிய காட்டன் நாடாவை ஒரே அடுக்காகச் சுற்றுவது ஒன்று. கை எம்பிராய்டரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். வழுக்குகிற பட்டு நகராது, வளையத்தின் அச்சும் அவ்வளவாக விழாது. மற்றது மாட்டுப் பலகை. பேனர் கடையில் மிஞ்சும் சன்போர்டு (கெட்டியான நுரைப் பலகை) துண்டு போதும். வெளி வளையத்தை அதன்மேல் வைத்துக் கோடு இழுத்து, திருகு உட்கார இடம் விட்டு வெட்டி, இன்னொரு போர்டின்மேல் ஒட்டிவிட வேண்டும். வளையம் அந்தக் குழியில் ஆடாமல் உட்காரும். ஃப்ரேமின் நடுக்கோடுகளைப் பலகையின் ஓரம் வரைக்கும் நீட்டி மார்க்கரில் போட்டுவிட்டால், துணியில் உள்ள சாக்குக் கோட்டை அதோடு சேர்த்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு கையாலும் உள் வளையத்தை அழுத்தலாம். கடையில் விற்கும் ஹூப்பிங் ஸ்டேஷன் செய்கிற வேலையும் இதுதான். வீட்டில் ஒன்றோ இரண்டோ ஃப்ரேம் வைத்திருப்பவர் அதற்குக் காசு போடுவது வீண் என்பது என் கட்சி. ஒரே அளவு டி-ஷர்ட்டில் நூறு லோகோ தைப்பவர் கணக்கு வேறு.

காந்த ஃப்ரேம்

அடிச்சட்டத்தின்மேல் துணியைச் சும்மா விரித்து, மேலே காந்தத்தை வைத்தால் வேலை முடிந்தது. உள்ளே தள்ளுவது இல்லாததால் துணி இழுபடுவதும் இல்லை. பார்டரின் இரண்டாம் பாதிக்கு ஒரு பக்கத்துக் காந்தத்தை மட்டும் தூக்கி, துணியை நகர்த்தி, கோடு பார்த்துத் திரும்ப வைக்கலாம். தொடர் டிசைனில் இதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. வெல்வெட்டின் முடி நசுங்கி வட்டமாகத் தடம் விழும் பிரச்சினையும் பெருமளவு போய்விடும்.

ஆனால் விளம்பரம் சொல்லாத சங்கதிகள் உண்டு. மெல்லிய பட்டுத் துணியை இது திருகு ஃப்ரேம் போல முரசு மாதிரி விறைப்பாகப் பிடிக்காது. நெருக்கமாக நிரப்பும் டிசைன் துணியை உள்ளே இழுத்துவிடும். டிசைனுக்கு முன் சுற்றிலும் ஒரு நீளத் தையல் ஓட்டித் துணியைப் பேக்கிங்கோடு பிடித்துவைப்பது நல்லது. எடையும் அதிகம், வீட்டு மெஷினில் ஃப்ரேமை நகர்த்தும் கை சின்ன மோட்டாரில் ஓடுவது, அதனால் உங்கள் மாடலுக்கென்றே செய்ததை மட்டும் வாங்குங்கள். இவற்றில் இருப்பது நியோடைமியம் காந்தம், விரல் நடுவில் மாட்டினால் இரத்தம் கட்டும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டேயே போகக் கூடாது. சாதாரண ரக நியோடைமியம் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால் சக்தி இழக்கும் என்பதால் இஸ்திரிப் பெட்டி பக்கத்திலும் வைக்காதீர்கள்.

தனிக் காந்தம் வாங்கிப் பழைய ஃப்ரேமில் ஒட்டிக்கொள்ளும் வீடியோக்களும் சுற்றுகின்றன. அதற்கு மட்டும் என் ஓட்டு இல்லை. ஒட்டு விட்டுக் காந்தம் நகர்ந்து ஊசி அதன்மேல் இறங்கினால் உடைந்த முனை எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

பசை ஒட்டு

பேக்கிங்கை மட்டும் ஃப்ரேமில் மாட்டி, அதன்மேல் துணியை ஒட்டிவிடுவது. சட்டைக் காலர், கர்ச்சீப் மூலை, வெட்டிய பாக்கெட் போல ஃப்ரேமுக்குள் சிக்காத துண்டுகளுக்கு இதை விட்டால் வழியில்லை. கோடு சேரவில்லையென்றால் உரித்து மறுபடி ஒட்டலாம் என்பது பெரிய சௌகரியம். ஆனால் நம் பார்டர் சோதனையில் இது தோற்கிறது: கொடி, அவுட்லைன் அளவில் தாங்கும், நூலை அருகருகே அடுக்கும் சாட்டின் தையல் நெருங்கி விழுந்தால் துணி மெல்ல நகர்ந்து, நிரப்பலுக்கும் ஓரக்கோட்டுக்கும் நடுவே இடைவெளி எட்டிப் பார்க்கும். ஊசியில் பிசின் ஏறி நூல் அறுவதும் உண்டு. அவ்வப்போது துடைக்க வேண்டும். ஸ்ப்ரே என்றால் பேக்கிங்கின்மேல் அடியுங்கள். பட்டின்மேல் நேராக அடித்தால் கறை நிற்கலாம். மெஷின் பக்கத்தில் அடித்தால் உள்ளே பஞ்சோடு சேர்ந்து பிசுபிசுக்கும்.

நூல் ஸ்டாண்டு

இதில் அலச அதிகம் இல்லை. பெரிய கோன் நூல் மெஷினின் சின்னக் கம்பியில் உட்காராது. கனமான எவர்சில்வர் டப்பாவுக்குள் கோனை நிறுத்தி, நேர் மேலே ஹேங்கர் கம்பியை வளைத்து ஒரு கொக்கி வைத்தால் போதும். குறுக்குச் சுற்றுக் கோனிலிருந்து நூல் தலைப்பக்கமாகத்தான் உருவ வேண்டும், கொக்கி மேலே இருக்க வேண்டியது அதனால்தான். ஜரிகை நூல் என்றால் டப்பாவை இரண்டு மூன்று அடி பின்னால் தள்ளுங்கள், வருகிற வழியிலேயே முறுக்கு தளரும். கடை ஸ்டாண்டுகளில் பிளாஸ்டிக் அடி உள்ளவை மெஷின் அதிர்வில் ஆடுகின்றன. வாங்கினால் இரும்பு அடியுள்ளதாக வாங்குங்கள்.

இடம் குறிக்க

தண்ணீரில் அழியும் நீலப் பேனா பருத்திக்குச் சரி, அழிப்பதற்கு முன் இஸ்திரி போட்டால் கறையாக நின்றுவிடும். பட்டில் தண்ணீர்ச் சொட்டே தடமாகிவிடும், அங்கே சாக்குதான். சூட்டில் மறையும் பேனாவின் கோடு கடுங்குளிரில் திரும்ப வரக்கூடியது. நம்மூர் வெயிலில் கவலையில்லை, வெளிநாட்டுக்கு அனுப்பும் துணியில் வேண்டாம்.

டிசைனை அதே அளவில் டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்துத் துணியின்மேல் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பிரிண்டர் தாளுக்கேற்பச் சுருக்கியிருக்கிறதா என்று ஸ்கேலால் ஒரு தடவை அளந்துவிடுங்கள். லேசர் ஒளிக்கோடு காட்டும் கருவிகளும் கிடைக்கின்றன. அதை வாங்குவதற்கு முன், ஃப்ரேமை மெஷினில் பொருத்திக் கைச்சக்கரத்தைத் திருப்பி ஊசியை மெதுவாக இறக்கிப் பாருங்கள். முனை சாக்குக் கோட்டின் குறுக்குப் புள்ளியைத் தொட்டால் தைக்கலாம், தள்ளியிருந்தால் திரையில் உள்ள அம்புக்குறியால் டிசைனை நகர்த்திக்கொள்ளலாம்.