வண்டு பாக்குறதுக்கு வாங்குன 10எக்ஸ் கை லென்ஸ்

ஆறு மாசமா யூஸ் பண்றேன், குடுத்த காசுக்கு ரொம்பவே திருப்தி. நான் வாங்குனதே தரை வண்டுகள அடையாளம் பாக்கத்தான், கராபிடேங்குற இந்த ஒரே குடும்பத்துல மட்டும் உலகம் பூரா 40,000 இனத்துக்கு மேல இருக்கு, வெறுங்கண்ணுக்கு பாதி எல்லாமே ஒரே கருப்பு வண்டுதான். லென்ஸ கண்ணுக்கு ஒட்டி வச்சுக்கிட்டு வண்ட ஒரு இஞ்ச் தூரத்துக்கு கொண்டு வரணும், அப்பதான் ஃபோகஸ் ஆகும். முன்னங்கால் உள்பக்கம் சின்னதா ஒரு பள்ளம், அதுல சீப்பு மாதிரி முடி, உணர்கொம்ப அதுக்குள்ள விட்டு இழுத்து சுத்தம் பண்ணிக்கும், அத மொத தடவ பாத்தப்ப எனக்கு புல்லரிச்சுருச்சு. வயித்துப்பக்கம் திருப்புனா பின்னங்கால் அடிப்பகுதி வயித்தோட மொத கண்டத்த ரெண்டா பிரிச்சிருக்கும், இந்தக் குடும்பம் சேந்த அடிஃபாகாங்குற துணைவரிசைக்கே (வண்டு வரிசையோட ஒரு பெரிய பிரிவு) அதுதான் முக்கியமான அடையாளம்.

நம்ம ஊரு ஆறு புள்ளி வண்டுல இறக்க உறை ரெண்டும் ஒட்டிப்போனது, பறக்காது, அதுவும் தெளிவா தெரியும். ஆனா உயிரோட இருக்குறத மூஞ்சிகிட்ட கொண்டு போகாதீங்க ப்ளீஸ், ஆசிட் பீய்ச்சும், பாம்பார்டியர் வண்டா இருந்தா கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டுல அடிக்கும். கண்ணாடி டப்பாவுல போட்டு பாருங்க.

குறைன்னா கூட வர்ற எல்இடி லைட்டு, பளபள முதுகுல பட்டு கண்ணு கூசுது, நான் வெயில்லதான் பாக்குறேன். 20எக்ஸ் வாங்காதீங்க, வண்டோட ஒரு கால்தான் தெரியும்.